ஸ்டிக்கர் ஒட்டாமல் கேட்டைத் தாண்டக்கூடாது

ஊஞ்சக்காட்டுப்புதூரில் முட்டாள்கள் யாரும் கிடையாது. சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்வதில்லை. ஊர்க்கூட்டத்தில் தீர்மானமாகவே போட்டிருக்கிறார்கள். "நம்மூர்ல முட்டாளுக ஒருத்தரும் கிடையாதுங்கறதை யாராச்சும் மறுக்கறதுன்னா கையைத் தூக்குங்க" என்று தலைவர் கேட்டபோது நாலே நாலு கைகள்தான் மேலே போயின. அந்த நாலு பேருக்கும் மறுக்கிற எண்ணமெல்லாம் இல்லை. பெரியமனுஷன் ஒருவர் கையைத் தூக்கச் சொல்லும்போது தூக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று தூக்கினார்கள். இந்தக் கதை அவர்களுடையது.

நாலு பேருக்கும் தலைவர் சென்னியப்பன். வயது நாற்பத்தொன்பது. ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு. தன் மூளையைப் பற்றி அவருக்குத் தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. "நம்முளுது நல்ல மூளைதானுங்க. எடுத்துப் பொழங்காததுனால இன்னும் புதுசாவே இருக்குது" என்பார்.

போன வருஷம், மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாங்கித் தோப்பில் நட்டார். 'செய்தி வந்தால் தண்ணீர் பாய்ச்சவும்' என்று அட்டையில் போட்டிருந்தது. ஐப்பசி மாதம், அடைமழையில், செய்தி வந்தது. சென்னியப்பன் ஒரு கையில் குடையும் மறு கையில் மண்வெட்டியுமாகப் போய், மழைத் தண்ணீரை வெட்டி வெளியே விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினார். பாய்ச்சிக்கொண்டிருக்கும்போதே 'நாம பண்றது சித்தெ கிறுக்குத்தனமாட்டத்தான் இருக்குது' என்று தோன்றியது. ஆனால் செய்தி வந்துவிட்டதே, என்ன செய்ய?

இரண்டாமவர் நாச்சிமுத்து. நாலு பேரில் மூத்தவர், எதையும் யோசித்துத்தான் பேசுவார். விதைப்பதற்கு முன் அவரிடம் யோசனை கேட்டால் அறுப்புக்குள் பதில் வந்துவிடும்.

மூன்றாமவர் திருமூர்த்தி. குழுவின் விஞ்ஞானி. மருந்து தெளிக்கும் டிரோனுக்குப் பயிற்சி எடுத்தவர். 'பறக்கும்போது டிரோன்மேல் இருந்து கண்ணை எடுக்கவே கூடாது' என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் நாளே அண்ணாந்து பார்த்தபடி நடந்து கிணற்றுக்குள் விழுந்தார். விழுந்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை என்பதை ஊரே இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறது.

நாலாவது குழந்தைவேலு. பெயர்தான் குழந்தை, ஆள் நூற்றுப் பத்துக் கிலோ. சந்தேகம் கேட்பது அவர் இலாகா.

இனி மாட்டைச் சொல்ல வேண்டும். சென்னியப்பனிடம் ஒரு வண்டிமாடு இருந்தது. சாம்பல் கலந்த வெள்ளை. நிறமும் மயிலை, பெயரும் மயிலை. ஜோடி மாடு செத்து மூன்று வருஷம் ஆகிறது. உழவுக்கு டிராக்டரும் தேங்காய் இழுக்க டெம்போவும் வந்தபிறகு மயிலைக்குக் கட்டுத்தறியில் நின்று சோளத்தட்டு மெல்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. மனசு சரியில்லாத பொழுதெல்லாம் சென்னியப்பன் அதன் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார். அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத ஒரே ஜீவன் அதுதான். கை இல்லாததால் அப்படி என்று குழந்தைவேலு சொன்னார். சென்னியப்பன் அதை நம்பவில்லை.

"ஏனுங்க, அந்த மாட்டை வெச்சு என்ன பண்றதா உத்தேசம்?" என்று ஒருநாள் கேட்டாள் அவர் மனைவி தேவாத்தாள். "தட்டு தின்னுது, சாணி போடுது. நீங்களும் அதையேதான் பண்ணிட்டு இருக்கீங்க. ஒரு தோட்டத்துக்கு ஒண்ணு போதாதா?"

"அதுக்கு ஒரு வேலை ஏற்பாடு பண்ணிட்டு இருக்கறேன் தேவா."

"மாட்டுக்கா?"

"ஆமா. டூரிஸ்டு."

விஷயம் இதுதான். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி தோட்டத்துக் காய்கறிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. அதே கம்பெனி புதிதாகப் பண்ணைச் சுற்றுலாவும் ஆரம்பித்தது. பட்டணத்து ஜனங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாள் தோட்டத்தில் வந்து தங்குவார்கள், மாட்டுவண்டியில் போவார்கள், மண்ணில் கைவைப்பார்கள், திரும்பிப் போய் செல்போனில் நட்சத்திரம் போடுவார்கள். நாலு நட்சத்திரமாவது வந்தால் தோட்டத்தைக் கம்பெனிப் பட்டியலில் சேர்ப்பார்கள். சேர்த்துவிட்டால் வாராவாரம் ஆள் வரும், மயிலைக்கு வாராவாரம் வண்டி இருக்கும்.

தேவாத்தாள் யோசித்தாள். "செரி. நாலு நட்சத்திரம் வந்துச்சுன்னா மாடு இருக்கட்டும். வரலைன்னா திங்கக்கிழமை சந்தைக்கு ரங்கண்ணன் வண்டில ஏத்தி உட்டுருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

மாட்டுத் தரகர் ரங்கண்ணனின் பெயரைக் கேட்டதும் சென்னியப்பன் போய் மயிலையின் கட்டுக்கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார். மயிலை அசை போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நட்சத்திரக் கணக்கெல்லாம் தெரியாது.

கம்பெனியிலிருந்து தாரிணி என்ற பெண் காரில் வந்தாள். மாட்டுத்தொழுவத்தை ஒட்டியிருந்த கான்கிரீட் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லி, கட்டில் போடச் சொல்லி, கேட்டில் கம்பெனி பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு, ஒரு விதிமுறைத் தாளையும் ஸ்டிக்கர் சுருள் ஒன்றையும் கொடுத்தாள். காய்கறிக்கும் சுற்றுலாவுக்கும் சேர்த்து ஒரே தாள்தான் அச்சடித்திருந்தார்கள். நாலே விதி.

ஒன்று: விருந்தாளி தன் வீட்டில் இருப்பதுபோலவே உணர வேண்டும்.

இரண்டு: விதைப்பு முதல் அறுவடை வரை எல்லாவற்றையும் விருந்தாளி தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும்.

மூன்று: எடை போட்டு, தரம் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டாமல் எதுவும் தோட்டத்துக் கேட்டைத் தாண்டக்கூடாது.

நான்கு: விருந்தாளி எதைக் கேட்டாலும் 'இல்லை' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது.

"இதை அப்படியே ஃபாலோ பண்ணுங்க அண்ணா. கூட ஒண்ணும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம்" என்றாள் தாரிணி. அந்தப் பெண் மட்டும் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

முதல் விருந்தாளிகள் சென்னையிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. முகுந்தன், பிரபா. கணவன் மனைவி. நாலு பேரும் மோட்டார் ரூமில் கூடினார்கள்.

"தன் வீட்டுல இருக்கறாப்பல இருக்கோணும்னு போட்டிருக்குது. அவிய வீடு எப்படி இருக்கும்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் குழந்தைவேலு.

நியாயமான சந்தேகம். திருமூர்த்தி முகுந்தனுக்கே போன் போட்டார். "சார், உங்க வீட்டுல எப்படிங்க சார் இருக்கும்?"

முகுந்தன் பாவம், யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று மனம்விட்டுப் பேசிவிட்டார். "ஏன் கேக்கறீங்க! காலைல அஞ்சு மணிக்கே ஹாரன். மாடில இருக்கறவன் நாள் முழுக்க நாற்காலியை இழுத்துட்டே இருப்பான். பக்கத்துல வருஷம் பூரா எவனாவது டிரில் போடுவான். தண்ணி லாரி நெனைச்சாத்தான் வரும். சோப்பு போட்டதுக்கப்புறம் பைப்புல காத்துதான் வரும். அதனாலதான் சார் உங்க ஊருக்கு ஓடி வர்றோம்!"

திருமூர்த்தி எல்லாவற்றையும் வரி விடாமல் எழுதிக்கொண்டார். கடைசி வரியை மட்டும் எழுதவில்லை. அது வீட்டைப் பற்றியது இல்லையே.

வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. டிராக்டர் ஹாரன் திருமூர்த்திக்கு. தென்னை மரம் ஏறும் மிஷினைச் சரிபண்ணும் டிரில் நாச்சிமுத்துவுக்கு. விருந்தாளி ரூமின் கான்கிரீட் கூரைமேல் இரும்பு நாற்காலியை இழுக்கும் பொறுப்பு, உடம்பு வாகு பார்த்து, குழந்தைவேலுவுக்கு. தண்ணீர் வால்வு சென்னியப்பன் கையில்.

"ரெண்டாவது விதிதான் கொஞ்சம் சிக்கல்" என்றார் சென்னியப்பன். "ரெண்டு நாள்ல விதைச்சு அறுக்கறதுக்கு எந்தப் பயிருங்க இருக்குது? கீரை இருவத்தியொரு நாளு. கொத்தமல்லி நாப்பது நாளு."

"தென்னை ஏழு வருஷம்" என்றார் குழந்தைவேலு.

"அது ரெண்டு நாளைக்கு மேல ஆயிருமே" என்று திருமூர்த்தி கணக்குப் போட்டுச் சொன்னார்.

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார். மோட்டார் ஓடி நின்றது. ஒரு தேங்காய் விழுந்தது. கடைசியில் வாயைத் திறந்தார்.

"பாசிப்பயிறு போடுவோம். அறுவத்தியஞ்சு நாளு. வர்ற ஒறம்பரை இருந்து அறுத்துட்டுப் போகட்டும். வர்றவிய என்ன, சுடுதண்ணிய கால்ல ஊத்திக்கிட்டா வர்றாங்க?"

அவ்வளவு எளிய வழி தங்களுக்குத் தோன்றாமல் போனதே என்று மற்ற மூவரும் வெட்கப்பட்டார்கள். சென்னியப்பன் ரொம்பவே வெட்கப்பட்டார். தலைவர் என்பதால் அவருக்குப் பங்கு அதிகம்.

சனிக்கிழமை காலை விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். முகுந்தன் காரை விட்டு இறங்கியதும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். பிரபா தென்னை மரங்களையும் கிளுவை வேலியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பட்டணத்துப் பெண்கள் முதலில் கேட்பதைக் கேட்டாள்.

"இங்க பாம்பு எதுவும் இல்லையே?"

நாலு பேரும் நாலாவது விதியை மனதில் ஓட்டினார்கள்.

"இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"ஐயோ! எங்க?"

"எங்க வேணும்னாலும் இருக்குமுங்க."

"ரூமுக்குள்ள?"

"ரூமுக்குள்ளயும் இருக்குமுங்க."

சுண்ணாம்பு வாசம் போகாத அந்த ரூமில் ஒரு பல்லிகூடக் குடிவரவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே. சென்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

முகுந்தன் பேச்சை மாற்றப் பார்த்தார். "குளிக்க ஹீட்டர் இருக்குங்களா?"

"இருக்குதுங்க."

"எங்க?"

"உடுமலையிலங்க. கடையில."

விதைப்பு நன்றாகவே நடந்தது. ஒரு பாத்தி தயாராக இருந்தது. பிரபா பாசிப்பயறைத் தூவ, முகுந்தன் அவளைப் போட்டோ எடுத்தார். "எப்ப முளைக்கும்?" என்று ஆசையாகக் கேட்டாள். "மூணு நாள்ல முளைச்சிருமுங்க, நீங்களே பாக்கத்தானே போறீங்க" என்றார் சென்னியப்பன். அவள் சிரித்தாள். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் கண்ணயர்ந்த நேரத்தில் கூரைமேல் 'கர்ர்ர்ர்' என்று சத்தம். அதைத் தொடர்ந்து டிரில். அதைத் தொடர்ந்து டிராக்டர் ஹாரன்.

முகுந்தன் தலையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். "மேல யாரோ நாற்காலியை இழுக்கறாங்க."

"ஆமாங்க" என்றார் சென்னியப்பன் மலர்ச்சியாக.

"மேல யாரு இருக்கா?"

"குழந்தைங்க."

மேலே அண்ணாந்து பார்த்த முகுந்தனுக்கு நூற்றுப் பத்துக் கிலோ குழந்தை ஒன்று வியர்த்து வழிய, கையில் நாற்காலியோடு கும்பிடு போட்டது.

அப்புறம் குளிக்கப் போனார். சோப்பு போடும்வரை சென்னியப்பன் கதவுக்கு வெளியே காதை வைத்துக் காத்திருந்தார். சோப்புப்பெட்டி சத்தம் கேட்டதும் வால்வை மூடினார். உள்ளே ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில் பழக்கம் தெரிந்தது. 'சொந்த வீட்டு நெனப்பு வந்துருச்சு' என்று சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணில் சோப்போடு தடுமாறி வெளியே வந்த முகுந்தன் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டதை மட்டும் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை. நெற்றி புடைத்துக்கொண்டது.

அந்த இரண்டு நாளில் ஒழுங்காக நடந்தது ஒன்றே ஒன்று. சாயந்திரம் மயிலையை வண்டியில் பூட்டி இருவரையும் தோப்பைச் சுற்றிக் கூட்டிப் போனார்கள். மயிலை ஆடாமல் அசங்காமல் நடந்தது, பள்ளம் பார்த்து விலகியது, வளைவு பார்த்துத் திரும்பியது. பிரபா அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். முகுந்தன் முதல்முறையாகச் சிரித்தார். மயிலைக்கு யாரும் விதிமுறைத் தாளைப் படித்துக் காட்டவில்லை. அதனால்தான் அதற்கு இவ்வளவு தெளிவு.

'நாலு நட்சத்திரம் இதுக்கே போடுவாங்க' என்று சென்னியப்பன் மாட்டின் காதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அஞ்சு மணிக்குத் திருமூர்த்தி விதிப்படி ஹாரன் அடித்தார். ஆறு மணிக்கெல்லாம் விருந்தாளிகள் பெட்டியோடு கார்ப்பக்கம் நின்றார்கள்.

நாலு பேரும் ஓடிவந்தார்கள். "எங்கீங்க கெளம்பிட்டீங்க? இன்னும் அறுவத்திநாலு நாள் இருக்குதுங்களே!"

"என்னது?"

"பயிறு அறுக்கோணுமுங்களே."

பிரபா முகுந்தனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகுந்தன் குரலைத் தணித்துக் கேட்டார். "அண்ணா, நாங்க வீட்டுக்குப் போலாமா, இல்லையா?"

"போலாமுங்க" என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில்.

"எப்போ?"

"ஆவணி பொறந்ததும் போலாமுங்க."

முகுந்தனின் முகத்தைப் பார்க்கச் சென்னியப்பனுக்கே பாவமாக இருந்தது. நாச்சிமுத்துவை ஓரமாகக் கூட்டிப் போனார். நாச்சிமுத்து யோசித்தார். இந்த முறை வழக்கத்தைவிடச் சீக்கிரம், முக்கால் மணிதான்.

"அறுக்கறது அவிய கையால இருக்கோணும். ஆனா இங்கயே நின்னு அறுக்கோணும்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா?"

எழுதியிருக்கவில்லை. நாலு மண்வெட்டிகள் வந்தன. விதைத்த பாத்தியை அரையடி ஆழத்துக்கு அப்படியே வெட்டி, ஈரம் போகாமல் மூன்று சாக்கில் கட்டி, கார் டிக்கியில் ஏற்றினார்கள். "மாடில எறக்கி வெச்சுத் தண்ணி ஊத்துங்க. அறுவத்திநாலாம் நாள் மறந்துராதீங்க" என்றார் சென்னியப்பன். முகுந்தன் எதற்கும் தலையாட்டும் நிலைமைக்கு வந்திருந்தார்.

காரைக் கிளப்பப் போகும்போது குழந்தைவேலு முன்னால் வந்து நின்றார். "மூணாவது விதி?"

அதை மறந்தே போயிருந்தார்கள். மேடைத்தராசை இழுத்துவந்தார்கள். முதலில் மண்சாக்கு. அப்புறம் முகுந்தன். தரம் பார்க்கும் அட்டையில் நிறம், அளவு, அடிபட்ட காயம் என்று மூன்று கட்டம் இருந்தது.

"நிறம் சுமார்" என்று திருமூர்த்தி சுற்றிவந்து பார்த்தார். "நெத்தியில அடிபட்டிருக்குது. ரெண்டாந்தரம்."

பிரபா தராசில் ஏற மாட்டேன் என்றாள். ஏறினால்தான் கேட் திறக்கும் என்று தெரிந்ததும் ஏறினாள். "அறுவத்தேழரைக் கிலோ!" என்று திருமூர்த்தி தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். அவள் முகம் சிவந்தது. "காயம் எதுவும் கிடையாது, நல்ல நிறம். முதல்தரம்" என்று அவர் சேர்த்துச் சொன்னபிறகு, கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பீரமாக இறங்கினாள்.

பிறகு ஸ்டிக்கர். ஆளுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, செருப்புக்கு ஜோடியாக இரண்டு, கூலிங்கிளாஸ், தண்ணீர்ப் பாட்டில், மண்சாக்கு. கார்க் கதவு, நாலு சக்கரம், ஸ்டெப்னி. "கார் ஒண்ணுதானே, ஒரு ஸ்டிக்கர் போதாதா?" என்று முகுந்தன் அழாக்குறையாகக் கேட்டார். போதாது என்று சொல்ல வாய் வராததால், "போதுமுங்க" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு ஒட்டினார்கள். கடைசி ஸ்டிக்கரை வைப்பரில் ஒட்டியதும் சுருள் தீர்ந்தது. கேட் திறந்தது. அந்தக் கார் அவ்வளவு வேகமாகப் போகும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

சாயந்திரம் திருமூர்த்தியின் போன் சிணுங்கியது. முகுந்தன் எழுதியிருந்தார்: 'சென்னையில் எங்கள் வீட்டில் இருப்பதுபோலவே இருந்தது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.'

"பாத்தீங்களா!" என்று திருமூர்த்தி துள்ளினார். "முதல் விதியை அப்படியே சாதிச்சுட்டோம்!" நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குழந்தைவேலு கட்டிப்பிடித்ததில் நாச்சிமுத்துவுக்கு விலா வலித்தது.

"நட்சத்திரம் எத்தனை?" என்று சமையலறைக்குள்ளிருந்து தேவாத்தாள் கேட்டாள்.

திருமூர்த்தி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். "ஒண்ணு."

சென்னியப்பன் கட்டுத்தறிக்குப் போய் மயிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். 'ஊருல எல்லாரும் ஒரு முட்டாள்தனத்தைப் பண்ணித் தன்னைத்தான் கெடுத்துக்குவாங்க. நான் பண்ணினா வாயில்லாத ஜீவன் சந்தைக்குப் போவுது' என்று நினைத்துக்கொண்டார். மயிலை அவர் தோளில் மூச்சு விட்டது.

திங்கட்கிழமை காலை ரங்கண்ணன் மினிலாரியோடு வந்துவிட்டார். லாரியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து மாட்டின் பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். மாட்டை அவிழ்த்துக் கேட்வரை நடத்தி வந்தார்கள். சென்னியப்பன் கயிற்றைப் பிடித்திருந்தார். பிடித்திருந்தார் என்பதைவிடக் கயிறு அவரை இழுத்து வந்தது என்பது சரி.

கேட்டருகில் குழந்தைவேலு கையை நீட்டித் தடுத்தார். "ஸ்டிக்கர் எங்க?"

"என்ன ஸ்டிக்கர்?" என்றார் ரங்கண்ணன்.

"ஸ்டிக்கர் ஒட்டாம எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாதுங்கண்ணா. விதி."

சென்னியப்பன் மடியிலிருந்து சுருளை எடுத்துப் பார்த்தார். அட்டைக் குழல் மட்டும் இருந்தது. உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபக்கம் ரங்கண்ணன் தெரிந்தார்.

"தீர்ந்துபோச்சு" என்றார். அதைச் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் முட்டாள்தனம் தனக்கே ஒத்தாசைக்கு வந்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

"யோவ், மாட்டுக்கு ஸ்டிக்கர் எதுக்குய்யா? ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமுங்க. விதியை மீறினா கம்பெனி என்ன நெனைக்கும்?" என்றார் நாச்சிமுத்து. நாலு பேரும் கேட்டுக்குக் குறுக்கே கைகோத்து நின்றார்கள்.

ரங்கண்ணன் தேவாத்தாளைப் பார்த்தார். தேவாத்தாள் மயிலையின் திமில்மேல் இருந்த புருஷனின் கையைப் பார்த்தாள். "புதுச் சுருள் வர்ற வரைக்கும் நிக்கட்டுங்கண்ணா" என்றாள். "வந்த அன்னைக்கே ஏத்தி உட்டுர்றேன்." லாரி காலியாகத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. ரங்கண்ணன் உள்ளே வந்துவிட்டிருந்ததால் அவரை மட்டும் வேலிமேல் தூக்கி அந்தப்பக்கம் இறக்கினார்கள். விதியில் கேட்டைத்தான் சொல்லியிருந்தது, வேலியைச் சொல்லவில்லை.

அப்போதுதான் குழந்தைவேலுவுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "நாம எப்படி வெளிய போறது?"

அன்றிலிருந்து நாலு பேரும் தோட்டத்துக்குக் கேட் வழியாக வந்தார்கள், கிளுவை வேலியைத் தாண்டித் திரும்பிப் போனார்கள். ஆளுக்கு இரண்டு வேட்டி கிழிந்தது. தேவாத்தாள் விதிமுறைத் தாளைப் படிக்காதவள். அதனால் அவளுக்கு மட்டும் கேட் கேட்டாகவே இருந்தது.

வியாழக்கிழமை, பெயர்ப்பலகையைத் திரும்ப எடுத்துப்போகத் தாரிணி வந்தாள். காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, பலகையைக் கழற்றி, பின்சீட்டில் வைத்து, உங்கள் தோட்டத்தைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று நயமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கேட்டில் நாலு பேர் நின்றார்கள்.

"அம்மிணி, ஸ்டிக்கர்?"

தாரிணி முதலில் சிரித்தாள். பத்து நிமிஷம் கழித்துச் சிரிப்பு நின்றது. அரைமணி கழித்துக் கத்தினாள். "அண்ணா, அந்த விதியே இனிமே இல்லை!"

குழந்தைவேலு பதறிப்போய் வாயில் விரலை வைத்தார். "அம்மிணி! அந்தச் சொல்லு! நாலாவது விதி!"

வீட்டு வாசலில் தேவாத்தாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள். கடைசியில், காரை விட்டுவிட்டு ஐந்தரை மணி பஸ்ஸையாவது பிடிக்க வேண்டிய நெருக்கடியில், மரம் ஏறும் ஏணியை வேலியில் சாய்த்து முதலில் பலகையையும் பிறகு தாரிணியையும் அந்தப்பக்கம் இறக்கினார்கள். கார் ஏணி ஏறாது என்பதை அவளே ஒத்துக்கொண்டாள். "நாளைக்கே கொரியர்ல சுருள் அனுப்பறேன். ஒட்டிக் காரை அனுப்புங்க" என்றாள் அழுதபடி.

சுருள் வந்தது. சென்னியப்பன் அதைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு கட்டுத்தறியைப் பார்த்தார். இனி மயிலையும் போகும். ஆனால் கொண்டுவந்த கொரியர்க்காரர் கேட்டுக்கு உள்ளே வந்து கொடுத்துவிட்டார். அவர் வெளியே போக வேண்டுமே! அவருக்கு ஒன்று, அவர் பைக்குக்கு நாலு, அவர் மூட்டையில் இருந்த ஊரார் பார்சல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எடை போட்டு, தரம் பார்த்து ஒட்டி முடித்தபோது ஒரே ஒரு ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது. கொரியர்க்காரரின் ஹெல்மெட் இரண்டு காதையும் மூடுகிற அளவுக்குப் பெரிது, அதற்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று சொல்லி, சென்னியப்பனே முன்வந்து அதையும் அதில் ஒட்டினார். எதையும் அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் செய்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் தாரிணி போன் செய்தாள். குரலில் உயிரில்லை. "அண்ணா, அடுத்த சுருள் அச்சாகி வர நாளாகும். அதுவரைக்கும் காரை அப்படியே நிறுத்தி வெக்காதீங்க. பேட்டரி எறங்கிடும், டயர் போயிடும். தினமும் கொஞ்ச தூரம் நகர்த்துங்க. சாவி எங்கிட்ட வந்திடுச்சு, ஆனா எப்படியாச்சும் நகர்த்துங்க."

நாச்சிமுத்து யோசிக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் கட்டுத்தறியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு மயிலையைக் காரில் பூட்டித் தோப்பை மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள். திருமூர்த்தி ஸ்டியரிங்கில், சென்னியப்பன் முன்னால் கயிற்றோடு, மற்ற இருவரும் பின்சீட்டில். ரங்கண்ணன் ஒருநாள் போன் செய்து மாட்டைக் கேட்டதற்கு, "கம்பெனி வேலையில இருக்கற மாட்டை எப்படிங்கண்ணா விக்கறது?" என்று தேவாத்தாள் போனை வைத்துவிட்டாள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஞாயிறுதோறும் இதைப் பார்க்க ஜனம் வருகிறது. கேட் வழியாக வருகிறார்கள், ஏணி வழியாகப் போகிறார்கள். ஏணி இப்போது இரண்டு.

ஒரு சின்னக் குறை மட்டும் உண்டு. வண்டி ஓட்டும்போது சாலை விதிகளை மதிக்க வேண்டும் என்று தாரிணி போனை வைக்கும்முன் சொல்லிவிட்டாள். சாவி இல்லாததால் கார் இண்டிகேட்டர் எரியாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் குழந்தைவேலு ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே தள்ளிக் கையை நீட்டிக் காட்டுகிறார். அவர் கையை நீட்டும்வரை மயிலை திரும்புவதில்லை. நின்று, அசை போட்டபடி, பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறது.